ஒரு கையில அஞ்சு நாடி

உங்க கையில ஓடுற நாடி உங்களோடதுதான்னு நிரூபிக்கச் சொன்னா என்ன பண்ணுவீங்க? சிரிப்பீங்க. கையை நீட்டி, தொட்டுப் பாத்துக்கன்னு சொல்வீங்க. ஆனா தொட்டுப் பாக்க ஆளே பக்கத்துல இல்லைன்னு வச்சுக்கங்க. கேக்குறவங்க எங்கேயோ ஒரு குளிர் தேசத்துல, கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்காங்க. அவங்களுக்குத் தெரியுறதெல்லாம் திரையில ஒரு பச்சைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் நீங்க.

காசிலிங்கத்துக்கு அப்படி ஒரு நிலைமை வந்துச்சு.

ஆள் சாயல்குடிக்காரன். நாப்பத்தாறு வயசு. பாலைவனத்துக்கு நடுவுல புதுசா ஒரு நகரம் கட்டுற வேலைத்தளத்துல சமையல். முன்னூத்துப் பன்னெண்டு பேருக்குச் சோறாக்கணும். சமையல் கண்டெய்னருக்குப் பின்னாடி ஒரு கோல்டு ரூம் உண்டு. காய்கறி நறுக்குறது, கறி வெட்டுறதெல்லாம் அதுக்குள்ளதான். வெளியில நாப்பத்தெட்டு டிகிரி கொதிக்கும்போது காசிலிங்கம் மட்டும் மப்ளர் கட்டிக்கிட்டு வெங்காயம் உரிப்பான். "அண்ணன் ஊட்டியில இருக்காரு"ன்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க.

இதுக்கு ஆறு வருசம் முன்னாடி, வெயில்ல வேலை செஞ்சு ஆளுங்க கொத்துக் கொத்தாச் செத்து, ஊர் உலகமெல்லாம் சத்தம் வந்தப்ப, முப்பத்தோரு நாடு சேர்ந்து ஒரு உடன்படிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. ஒவ்வொரு தொழிலாளி மணிக்கட்டுலயும் ஒரு பட்டை இருக்கணும். அது உடம்புச் சூட்டையும் நாடியையும் பாத்துக்கிட்டே இருக்கும். பச்சை எரிஞ்சா வேலை செய்யலாம். சிவப்பு எரிஞ்சா அந்த நிமிசமே நிழலுக்குப் போயிடணும். முதலாளியே எதிர்ல வந்து நின்னாலும் தடுக்க முடியாது. எழுதினவங்க நல்ல மனசோடதான் எழுதினாங்க. ஆள் பயத்துல பொய் சொல்லுவான், உடம்பு பொய் சொல்லாதுன்னு நெனச்சாங்க. அதனால நேர்ல வந்து பாக்குற இன்ஸ்பெக்டர்களையும் நிறுத்திட்டாங்க. பட்டைதான் சாட்சி. ஆறு வருசத்துல முப்பத்தோரு நாட்டுலயும் வெயிலால ஒரு சாவு கூட இல்லைன்னு வருசா வருசம் அறிக்கை வந்துச்சு.

சட்டத்துல இல்லாத ஒண்ணைக் கம்பெனி தன் பங்குக்குச் சேத்துக்கிச்சு. ஒரு மாசத்துல மூணு தடவை சிவப்பு வந்தா, உடல் தகுதி இல்லைன்னு எழுதி ஊருக்கு அனுப்பிடும்.

அங்கதான் காசிலிங்கத்தோட பாமாயில் உள்ள வந்துச்சு. பட்டையைக் கழட்ட முடியாதபடி பூட்டி வச்சிருப்பாங்க. ஆனா கையில நல்லா எண்ணெயைத் தடவி, கட்டைவிரலை உள்ள மடக்கி உருவினா வந்துடும். பத்து செகண்டுக்குள்ள இன்னொரு தோல்ல மாட்டிட்டா பட்டைக்கு ஆள் மாறினது தெரியாது. முதல்ல வந்து கேட்டவன் சூசை. அந்த மாசம் அவனுக்கு ரெண்டு சிவப்பு ஆயிருந்துச்சு. "அண்ணே, இதை மத்தியானம் வரைக்கும் போட்டுக்கங்கண்ணே. உங்க கோல்டு ரூம்ல அதுவும் கொஞ்சம் குளிரட்டும்"னு சொன்னான். ஒரு ஆளுக்குச் சோறு கூடுதலா வைக்கிற மாதிரிதான் காசிலிங்கத்துக்கு அது பட்டுச்சு. வாங்கி மாட்டிக்கிட்டான்.

அப்புறம் கீழக்கரை ரஹ்மத்துல்லா வந்தான். கோவில்பட்டிப் பக்கத்து வெள்ளைப்பாண்டி வந்தான். நேபாளத்துக்காரன் தில் பகதூர் வாயைத் திறக்காம கையை மட்டும் நீட்டினான். காசிலிங்கத்தோட சொந்தப் பட்டையோட சேத்து, ஒரே கையில மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் அஞ்சு. கேம்ப்ல அதை வளையல்னே சொல்லுவாங்க. வெள்ளைப்பாண்டி தினமும் காலையில கோல்டு ரூம் வாசல்ல நின்னு ஒரே கேள்வியைத்தான் கேப்பான்.

"வளைகாப்பு முடிஞ்சிருச்சு. எத்தனையாவது மாசம்ணே?"

"உனக்கு இன்னிக்கு ஒம்பது கரண்டி ரசம் மட்டும்தாண்டா"ன்னு காசிலிங்கம் சொல்லுவான்.

ஏழு மாசம் அப்படியே ஓடுச்சு.

ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் பன்னெண்டுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது சூசையைச் சாப்பாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. எட்டாவது மாடியில கம்பி கட்டிக்கிட்டு இருந்தவன் பதினொன்னு நாப்பதுக்குச் சத்தமில்லாமச் சாஞ்சிட்டானாம். பக்கத்துல நின்ன ரஹ்மத்துல்லா நேரத்தைப் பாத்திருக்கான். காசிலிங்கம் நெத்தியைத் தொட்டான். ஒரு சொட்டு வேர்வை இல்ல. தோல் தோசைக்கல்லு மாதிரி கொதிச்சுது. தண்ணியை ஊத்தினாங்க, விசிறினாங்க. மூச்சு எப்பவோ போயிருந்துச்சு.

அப்பத்தான் ரஹ்மத்துல்லா காசிலிங்கத்தோட கையைப் பாத்தான். மேலேர்ந்து ரெண்டாவது பட்டை சூசையோடது. பச்சையா எரிஞ்சுக்கிட்டு, நாடி பாத்துக்கிட்டு இருந்துச்சு.

ஆபீஸ் ஆளுங்க வர்றதுக்குள்ள எண்ணெயைத் தடவி உருவி, செத்தவன் கையில மாட்டுறதுக்குள்ள மணி பன்னெண்டு இருபது. காசிலிங்கம் உருவினான், ரஹ்மத்துல்லா மாட்டினான். அவன் மூணு புள்ளைக்காரன்.

கம்பெனிக்கு அதுக்கப்புறம் வேலை சுலபமாப் போச்சு. பட்டை சொல்லுது, பன்னெண்டு இருபது வரைக்கும் சூசையோட சூடு சரி, நாடி சரி, அப்புறம் நின்னுச்சு. அந்நேரம் ஆள் கிடந்தது சாப்பாட்டுக் கொட்டகை நிழல்ல. ஆக, நிழல்ல ஓய்வு எடுக்கும்போது இயற்கையா நெஞ்சு நின்னு சாவு. கேம்ப் நர்ஸ் பென்சிலால பதினொன்னு நாப்பதுன்னு எழுதினதை அழிச்சிட்டாங்க. பெட்டி ஊருக்குப் போச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு சூசையோட பொண்டாட்டி ரெஜினா போன் பண்ணுச்சு. அழல. ஊர்ல பேசிக்கிறதைச் சொல்லுச்சு. நிழல்ல சும்மா கிடந்தவனுக்கு எப்படி நெஞ்சு நிக்கும், குடிச்சிருப்பான், இல்ல நோயை மறைச்சுப் போயிருப்பான்னு சொல்றாங்களாம். பங்குச் சாமியாரே ஒரு மாதிரி கேட்டாராம்.

"நீங்கதாண்ணே அவருக்குச் சோறு போட்டீங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு நிழல்ல செத்தாரா, வெயில்ல செத்தாரா?"

"அடுப்புல வச்சிருக்கேம்மா. பெறகு கூப்பிடுறேன்"னு சொல்லிக் காசிலிங்கம் போனை வச்சான். அடுப்பு அணைஞ்சு ஒரு மணி நேரம் ஆயிருந்துச்சு.

இந்தச் சமயத்துலதான் உடன்படிக்கையோட ஆறு வருசம் முடிஞ்சு, இன்னும் பத்து வருசத்துக்கு நீட்டிக்கணும், மேல நாப்பது நாட்டைச் சேக்கணும்னு உலகத் தொழிலாளர் உரிமை மன்றத்துல பேச்சு வந்துச்சு. நீட்டிக்கிறதுக்கு முன்னாடி, அந்த வருசம் வேலைத்தளத்துல நடந்த சாவுங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாட்சியை வீடியோவுல விசாரிக்கணும்னு விதி. சும்மா சடங்குதான். சூசை சாவுக்குக் கம்பெனி கொடுத்த சாட்சி காசிலிங்கம். கொட்டகை அவன் பொறுப்புல இருந்ததால அவன் பேரை எழுதிட்டாங்க.

கேம்ப் பாஸ் நெப்போலியன் கூப்பிட்டுச் சொன்னாரு. திருச்சிக்காரர். எந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரைக்கும் பட்டன் மாட்டியிருப்பாரு. "ஒரே கேள்விதான் கேப்பாங்க, கடைசியில எங்க இருந்தாருன்னு. கொட்டகையில இருந்தாருன்னு சொல்லு. அது பொய்யும் இல்ல பாரு." டீயை அவன் பக்கமா நகத்தி வச்சுட்டு, முகத்தைப் பாக்காமப் பேசினாரு.

விசாரணைக்கு மூணு நாள் முன்னாடி மன்றத்துலேர்ந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. துஷ்யந்தின்னு பேரு, யாழ்ப்பாணத்துத் தமிழ். சாட்சி சொல்றவங்களுக்கு விதிமுறையை விளக்குறதும், மொழிபெயர்க்கிறதும் அதோட வேலை.

காசிலிங்கம் வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டான். கடைசியில கத்தியைக் கீழ வச்சான். செத்தவன் பட்டை செத்தவன் கையில இல்லாம இருந்தா என்ன ஆகும்னு கேட்டான்.

துஷ்யந்தி விதிமுறை வாசிக்கிறதை நிறுத்திடுச்சு.

"அண்ணை, இதை நீங்கள் சும்மா கேக்கிறியளோ, தெரிஞ்சு கேக்கிறியளோ?"

அவன் எல்லாத்தையும் சொன்னான். எண்ணெய், கோல்டு ரூம், அஞ்சு வளையல், நாப்பது நிமிசம். சொல்லி முடிச்சதும், இதை எப்படி நம்ப வைக்கிறதுன்னு கேட்டான்.

துஷ்யந்தி விளக்குச்சு. மன்றத்துல பாக்குறது வெறும் நிறம் மட்டும்தானாம், பச்சையா சிவப்பான்னு. ஒவ்வொரு துடிப்பும் பதிஞ்ச முழுப் பதிவு மன்றத்துக் கம்ப்யூட்டர்ல சீல் வச்சுப் பூட்டிக் கிடக்குமாம். சாட்சி காரணத்தைச் சொல்லிக் கேட்டாத்தான் அதைத் திறக்கலாம். ஆறு வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனா திறந்தாலும் நாடி நாடிதானே, அது யாரோடதுன்னு பேர் போட்டிருக்காதுன்னு சொல்லுச்சு.

காசிலிங்கம் தன்னோட நெஞ்சைப் பத்தி வெளியில யார்கிட்டயும் சொன்னதில்லை. அன்னிக்குச் சொன்னான். சின்ன வயசுலேர்ந்து அது தாளம் தப்பும். நாலு துடிப்பு ஒழுங்கா வரும், அஞ்சாவது வராது. இருட்டுல படி இருக்குன்னு நெனச்சுக் கால வச்சு ஏமாந்த மாதிரி ஒரு நொடி. அப்புறம் ஒண்ணு பலமா இடிக்கும். சென்னையில மெடிக்கல் பாத்தப்ப, மெஷினை வச்ச பத்து செகண்டும் அது நல்ல புள்ளையா நடந்துக்கிட்டதால விசா கிடைச்சுது.

துஷ்யந்தி மெதுவா மூச்சு விட்டுச்சு. "அப்ப அதுதான் உங்களின்ர கையெழுத்து. ஆனா ஒண்டை மறைக்காமச் சொல்லுறன். அது சூசையின்ர பட்டையில மட்டும் இராது. மற்ற மூண்டு பேரின்ரயிலும் இருக்கும். நீங்கள் பேர் சொல்லாட்டிலும் உங்களின்ர நெஞ்சு சொல்லிப் போடும். உங்களையும் தகுதி இல்லையெண்டு அனுப்பிப் போடுவினம். யோசிச்சுச் செய்யுங்கோ."

மறுநாள் காலை டிபனுக்கு அப்புறம் மூணு பேரையும் கோல்டு ரூமுக்குள்ள கூப்பிட்டான். ஆட்டுக்கால் தொங்குற இடத்துல நாலு பேரும் குளிர்ல நின்னாங்க. ரஹ்மத்துல்லா கொதிச்சான். செத்தவன் திரும்பி வரப்போறதில்ல, இருக்குற மூணு குடும்பத்தையும் ஏன் தெருவுல விடுறீங்கன்னு கேட்டான். வெள்ளைப்பாண்டி முதல் தடவையா கிண்டல் எதுவும் பண்ணல. தரையைப் பாத்துக்கிட்டு நின்னான்.

காசிலிங்கம் சொன்னான். "டேய், வளையல் அவன் கையில இருந்திருந்தா பத்து மணிக்கே சிவப்பு எரிஞ்சிருக்கும். இறங்கி வந்திருப்பான். மூணு சிவப்பு சேந்ததும் திட்டி ஊருக்கு அனுப்பியிருப்பாங்க. உயிரோட அனுப்பியிருப்பாங்க. அவன் நெஞ்சு நின்ன பிறகு நாப்பது நிமிசம் என் நெஞ்சு அவன் பேர்ல துடிச்சிருக்கு. நான் யாருக்கும் கேடு நெனைக்கல. ஆனா அவன் சாவை நான்தான் மறைச்சு வச்சிருக்கேன், என் உடம்பால."

"நாங்க வேணாம்னு சொன்னா?"ன்னு ரஹ்மத்துல்லா கேட்டான்.

"சொன்னாலும் சொல்லப்போறேன். ஒளிச்சுச் செய்யக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்."

ரஹ்மத்துல்லா கதவை அறைஞ்சிட்டுப் போனான். வெள்ளைப்பாண்டி பின்னாடியே போனான். தில் பகதூர் மட்டும் நின்னான். பாமாயில் டின்னைத் திறந்து, ரெண்டு விரலால தொட்டு, காசிலிங்கத்தோட கையிலேர்ந்து தன் பட்டையை உருவித் தன் கையிலயே மாட்டிக்கிட்டு வெளியில போனான்.

விசாரணை வியாழக்கிழமை மத்தியானம், ஆபீஸ் அறையில. பெரிய திரை. அந்தப் பக்கம் தலைமை அம்மா, நரைச்ச முடி, மூக்குக்கண்ணாடி. ஓரத்துல துஷ்யந்தி. இன்னொரு கட்டத்துல கம்பெனி வக்கீல். இந்தப் பக்கம் காசிலிங்கமும் நெப்போலியனும், ஒரு எவர்சில்வர் டம்ளர்ல டீயும்.

கடைசியா அவர் எங்க இருந்தாருன்னு கேட்டாங்க.

"பதினொன்னு நாப்பதுக்கு எட்டாவது மாடியில, வெயில்ல இருந்தாருங்க. அப்பவே செத்துட்டாரு. அவரோட பட்டை என் கையில இருந்துச்சு. முழுப் பதிவைத் திறக்கணும்னு கேட்டுக்கிறேன்."

நெப்போலியன் அசையல. துஷ்யந்தி ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல, அப்படியே மொழிபெயர்த்துச்சு. வக்கீல்தான் துள்ளினாரு. இந்த ஆள் ஏழு மாசம் மோசடி பண்ணினதை ஒத்துக்கிறான், இப்பேர்ப்பட்ட பொய்யன் பேச்சை எப்படி நம்புறதுன்னு கேட்டாரு.

"என்னை நம்ப வேணாங்க. உங்க சட்டமே ஆளை நம்பாதே, உடம்பை நம்புன்னுதானே சொல்லுது. உடம்பைக் கேளுங்க."

பதிவைத் திறக்க இருபது நிமிசம் ஆச்சு. பதிவுக்கு வச்ச முத்திரையை உடைக்கணும், ரெண்டு அதிகாரி கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. சூசை பட்டையில பன்னெண்டு மணிக்கு என்ன பதிஞ்சிருக்குன்னு போடச் சொன்னாங்க தலைமை அம்மா. அதுக்கு முன்னாடி காசிலிங்கம் கையைத் தூக்கினான்.

"போடுறதுக்கு முன்னாடி நான் தட்டிக் காட்டுறேன். பெறகு போடுங்க."

இடது கை ரெண்டு விரலைக் கழுத்துல வச்சான். வலது கை விரலால டம்ளரைத் தட்டினான். டக், டக், டக், டக். நிறுத்தினான். அறையில ஏசிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் பலமா ஒரு டக். மறுபடி நாலு. மறுபடி நிறுத்தம். ஒரு நிமிசம் முழுக்கத் தட்டினான்.

அப்புறம் அவங்க பதிவைப் போட்டாங்க. செத்துப்போன சூசையோட நெஞ்சு, செத்து இருபது நிமிசம் ஆனபிறகு, நாலு துடிச்சு, ஒண்ணு விட்டு, ஒண்ணு இடிச்சுது.

தலைமை அம்மா கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சாங்க. துஷ்யந்தி மொழிபெயர்க்கிறதுக்கு அங்க ஒண்ணுமில்ல.

திரை அணைஞ்சதும் நெப்போலியன் எந்திரிச்சுக் கதவைச் சாத்தினாரு. திட்டப்போறாருன்னு காசிலிங்கம் நெனச்சான். அவர் முழுக்கைச் சட்டையோட பட்டனைக் கழட்டி மேல மடிச்சுவிட்டாரு. மணிக்கட்டுலேர்ந்து வரிசையா ஆறு வளையல்.

"எங்க ஊர்ப் பசங்க"ன்னு சொன்னாரு. "உன் நெஞ்சு தாளம் தப்புது, மாட்டிக்கிட்ட. என் நெஞ்சு ஒழுங்கா இருந்து தொலைச்சதால எவனுக்கும் தெரியல. பஸ் டிரைவர்கிட்ட எட்டு இருக்கு. ஸ்டோர்காரன்கிட்ட ஒம்பதோ பத்தோ. நீ என்ன, உன்கிட்ட மட்டும்தான்னு நெனச்சியா?"

காசிலிங்கம் அப்படித்தான் நெனச்சிருந்தான்.

சாயங்காலம் நாலு மணிக்குத் துஷ்யந்தி கூப்பிட்டுச்சு. தலைமை அம்மா அந்த ஒரு பதிவோட நிறுத்தலையாம். அந்தச் சாட்சியையே காரணமா வச்சு, முப்பத்தோரு நாட்டுலயும் பதிவுங்களைத் திறந்து, ஒரே நேரத்துல ஒரே மாதிரி துடிக்கிற நாடிங்களைத் தேடச் சொல்லியிருக்காங்க. ரெண்டு மணி நேரத்துல நாப்பதாயிரம் பட்டை சிக்கியிருக்கு. அண்ணை, எல்லா நாட்டிலயும் உங்களை மாதிரி ஒரு சமையல்காரர் இருக்கிறார்னு சொல்லுச்சு. நீட்டிக்கிற பேச்சைத் தள்ளி வச்சிருக்காங்க. நேர்ல வந்து பாக்க ஆள் அனுப்பப் போறாங்க. சூசையோட பேப்பரைத் திருத்துறதுக்கும் உத்தரவு போட்டாச்சு.

காசிலிங்கம் ரெஜினாவுக்குப் போன் போட்டான்.

"வெயில்லதாம்மா செத்தான். எட்டாவது மாடியில, வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போது. குடிக்கல. நோயும் இல்ல. பேப்பர்ல மாத்தி வரும்."

ரெஜினா அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பாத்துச்சு. பெறகு, "சரிண்ணே. கோயில்ல சொல்றேன்"னு சொல்லுச்சு. "நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னும் கேட்டுச்சு. அப்பத்தான் காசிலிங்கம் அழுதான்.

அஞ்சு மணிக்குக் கம்பெனி உத்தரவு வந்துச்சு. நெப்போலியன் எல்லாரையும் கொட்டகையில கூட்டி, ஒரு தாளைப் பாத்து வாசிச்சாரு. நாளையிலேர்ந்து அவங்கவங்க பட்டை அவங்கவங்க கையில இருக்கணும். பஸ் ஏறும்போது சோதிப்பாங்க. மாத்திப் போட்டவனுக்கு அன்னிக்கே விமானம். சமையல்காரர் காசிலிங்கம் நாளை ராத்திரி விமானத்துல ஊருக்குப் போவார். வாசிச்சு முடிச்சதும் தாளை மடிச்சுப் பாக்கெட்ல வச்சாரு. "பட்டை எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கணும். விளங்குச்சா? எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்றேன்"னு ஒரு தடவை அழுத்திச் சொன்னாரு.

கூட்டம் கலையும்போது ரஹ்மத்துல்லா வந்தான். கையை நீட்டினான். காசிலிங்கம் பாமாயில் டின்னை எடுத்தான். பின்னாடி வெள்ளைப்பாண்டி நின்னான். "பிரசவம் ஆயிருச்சு போல"ன்னு சொன்னான். அவனும் கையை நீட்டினான்.

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு பஸ் வந்துச்சு. முன்னூத்துப் பதினோரு பேரும் அவங்கவங்க பட்டையை அவங்கவங்க கையில கட்டிக்கிட்டு வேலைக்கு ஏறினாங்க. ஒம்பதே காலுக்கு முதல் பட்டை சிவப்பாச்சு. பத்தே முக்காலுக்குள்ள எல்லாமே சிவப்பாச்சு. எல்லாரும் கீழ இறங்கி நிழலுக்கு வந்தாங்க. காசிலிங்கம் மோர் ஊத்தினான்.